600 டாலர் இருக்கு: ஆட்டோ டிஸ்பென்சரா, க்ரோனோகிராஃபா?

ஆபிஸ்ல கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன், டெக்சாஸ் வந்து ஏழெட்டு வருஷம் ஆச்சு, போன வருஷம்தான் மொத மொதல்ல மான் வேட்டைக்கு வந்தான், லானோ பக்கம். மான் கிடைச்சுதோ இல்லையோ ஆசாமிக்கு ரைஃபிள் பித்து பிடிச்சிருச்சு. .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு ஒரு டிக்கா ரைஃபிள் வாங்கிட்டான், சுட்ட பித்தளைக் கேஸ்ல மறுபடி மருந்தும் புல்லட்டும் வெச்சுத் தோட்டா கட்ட (இதத்தான் ரீலோடிங்னு சொல்றது) ப்ரெஸ் வாங்கிட்டான், அதுல மாட்டுற டை செட் வாங்கிட்டான், இப்ப கையில 600 டாலர் மிச்சம் இருக்கு. "அண்ணே, மருந்து தானா அளந்து கொட்டுற மெஷின் வாங்கவா, இல்ல வேகம் அளக்குற க்ரோனோ வாங்கவா"னு கேட்டான். அவனுக்கு ஒரு மணி நேரம் ஃபோன்ல சொன்னதத்தான் இங்க எழுதறேன், ஏன்னா இதே கேள்விய என்கிட்ட இதுக்கு முன்னாடியும் மூணு பேர் கேட்டிருக்காங்க.

மொதல்ல ஒரு விஷயம். இது அமெரிக்காவுல நடக்குற கதை. இந்தியாவுல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வேட்டைக்குத் தடை, 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க லைசென்ஸ் வேணும், அதனால ஊர்ல யாரும் இத வீட்டுல முயற்சி பண்ணிப் பாக்க வேணாம். இங்க நம்ம சொந்த உபயோகத்துக்கு தோட்டா கட்டிக்கலாம், விக்கணும்னா ஃபெடரல் லைசென்ஸ் வேணும். இன்னொண்ணு, ஹெச்1பி மாதிரி நான்-இமிகிரன்ட் விசாவுல இருக்கவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கவே ஃபெடரல் சட்டத்துல தடை இருக்கு, செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்கு இருந்தாத்தான் முடியும். நம்மாளுங்க நிறைய பேருக்கு இது தெரியாது, ஃப்ரெண்டு கூப்பிட்டான்னு ரேஞ்சுக்குப் போய்ட்டு வந்துடறாங்க. பச்சை அட்டை வர்றதுக்கு முன்னாடி இதுல கால் வைக்கறவங்க சட்டத்த ஒரு தடவ ஒழுங்கா படிச்சுக்கங்க.

சரி, விஷயத்துக்கு வரேன்.

தம்பிக்கு மனசு முழுக்க டிஸ்பென்சர் மேலதான். பட்டன அமுக்கினா பவுடர் சொய்ங்னு ஓடி வந்து தட்டுல விழுந்து கரெக்டா நம்பர் வந்ததும் நிக்கும், பாக்கவே அழகா இருக்கும், இல்லன்னு சொல்லல. நான் அவன்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். நீ எவ்வளவு மருந்து போட்டன்னு அது சொல்லும், அந்த மருந்து உன் சேம்பருக்குள்ள, அதான் துப்பாக்கியில தோட்டா உக்கார்ற எடத்துல, என்ன பண்ணுச்சுன்னு யாரு சொல்லுவா?

இங்கதான் பிரச்சினையே இருக்கு. நாம ரீலோடிங்ல பயப்படறது மருந்து எரியும்போது சேம்பருக்குள்ள வர்ற பிரஷருக்கு, ஆனா வீட்டுல பிரஷர அளக்க நம்மகிட்ட ஒண்ணுமே கிடையாது. அமெரிக்காவுல தோட்டா அளவையும் பிரஷர் எல்லையையும் நிர்ணயிக்குற அமைப்பு 1926ல ஆரம்பிச்சது, சுருக்குப் பேரு சாமி (நிஜமாவே, தமிழ்ல எழுதினா அப்படித்தான் வருது, சாமி சொன்னா கேட்டுக்கணும்). அவங்க .308க்கு வெச்ச உச்சவரம்பு 62,000 பிஎஸ்ஐ (சதுர இன்ச்சுக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்), .30-06க்கு 60,000, .270 வின்செஸ்டருக்கு 65,000, பழைய .30-30க்கு வெறும் 42,000. தோட்டா கம்பெனிங்க இதுக்குன்னு தனியா டெஸ்ட் பேரல், பிரஷர் சென்சார் எல்லாம் வெச்சு அளக்குறாங்க. நம்ம கராஜ்ல இருக்கறது ஒரு தராசு, ஒரு ஸ்கேல், ரெண்டு கண்ணு. அதனால கேள்விய "எந்த மெஷின் நல்லது"னு கேக்கக்கூடாது. பிரஷர் எல்லைய தாண்டறதுக்கு முன்னாடி நம்மள எது எச்சரிக்கும், எது தாண்டினதுக்கு அப்புறம் எச்சரிக்கும், இதுதான் கேள்வி.

அப்படிப் பாத்தா நம்ம கையில இருக்க வழி நாலு. புத்தகம், கண்ணு, கம்ப்யூட்டர், க்ரோனோ.

புத்தகம்னா லோடிங் மேனுவல். ஹார்னடி, சியெரா, நாஸ்லர், லைமன்னு ஆளாளுக்குப் போடறாங்க, பவுடர் கம்பெனி ஹாட்ஜ்டன் சைட்டுல ஃப்ரீயாவே டேட்டா இருக்கு. இன்ன புல்லட், இன்ன பவுடர், ஸ்டார்ட் இவ்வளவு, மேக்ஸ் இவ்வளவுன்னு இருக்கும். பத்து வருஷமா இதுல இருக்கேன், இதத் தாண்டின பாதுகாப்பு வேற எதுலயும் இல்ல. ஆனா நம்மாளுங்க ஒரு தப்பு பண்ணுவாங்க, புத்தகத்துல மேக்ஸ்னு போட்டிருக்க நம்பர ஏதோ கவர்மென்ட் வேலை வயசு வரம்பு மாதிரி, அதுவரைக்கும் போக நமக்கு உரிமை இருக்குன்னு நெனச்சுக்குவாங்க. அது அப்படி இல்ல. அவங்க டெஸ்ட் பண்ண பேரல்ல, அவங்க கேஸ்ல, அவங்க ப்ரைமர்ல (கேஸ் அடியில இருந்து மருந்த பத்த வெக்கிற சின்ன மூடி), அவங்க கையில இருந்த பவுடர் லாட்டுல அந்த எடத்துல பிரஷர் எல்லைக்குப் பக்கத்துல வந்துச்சு, அவ்வளவுதான். உங்க துப்பாக்கியில அதே பிரஷர் ரெண்டு கிரெயின் (மருந்து எடை போடற அளவு, பின்னால சொல்றேன்) முன்னாடியே வரலாம்.

ஏன் முன்னாடியே வரும்? மிலிட்டரி கேஸ் சுவரு தடிமன், உள்ள எடம் கம்மி, அதே மருந்துக்கு பிரஷர் ஜாஸ்தி. மேக்னம் ப்ரைமர் போட்டா ஏறும். புல்லட்ட நீட்டி வெச்சு, பேரல் உள்ள இருக்க சுருள் வரிய, அதான் ரைஃப்ளிங்க, தொட விட்டா ஏறும். முழு செம்புல செஞ்ச புல்லட் அதே எடைக்கு நீளமா இருக்கும், ஈய புல்லட் டேட்டாவ அதுக்குப் போடக்கூடாது. கேஸ் நீளம் .308க்கு 2.015 இன்ச்தான் அதிகபட்சம், சுட்டுச் சுட்டு நீண்டு போன கேஸ ட்ரிம் பண்ணாம விட்டா வாய் போய் சேம்பர் முனையில இடிச்சு புல்லட்ட கவ்விப் பிடிச்சுக்கும், அப்பவும் ஏறும். இதுல ஒண்ண மாத்தினாலும் மறுபடி கீழ இறங்கி ஸ்டார்ட்டுல இருந்து வரணும். எல்லாருக்கும் தெரியும், பாதிப் பேர் பண்ண மாட்டாங்க.

கீழயும் ஒரு எல்லை இருக்குங்கறத மறந்துடக்கூடாது. மருந்த கம்மி பண்ணா பாதுகாப்புதானேன்னு தம்பி கேட்டான். மெதுவா எரியற பவுடர பெரிய கேஸ்ல ரொம்பக் கம்மியா போட்டா எரியறது தாறுமாறா போய், பேரலே கெட்டுப் போன சம்பவங்கள் ரீலோடிங் உலகத்துல ரொம்ப நாளா பேசப்படுது. அதனால ஸ்டார்ட்டுக்குக் கீழ போகணும்னா கம்பெனியே அதுக்குன்னு சொன்ன பவுடர் மட்டும்தான். ஹாட்ஜ்டன் ஹெச்4895க்கு மேக்ஸ்ல 60 சதவீதம் வரைக்கும் இறங்கலாம்னு அவங்களே சொல்றாங்க, சின்னப் பசங்களுக்கு ரீகாயில் கம்மியா வேணும்னா அது நல்ல வழி. அத வெச்சுகிட்டு வேற பவுடர்லயும் அதே கணக்கப் போடக்கூடாது.

ரெண்டாவது வழி கண்ணு. சுட்ட கேஸ எடுத்துப் பாக்கறது. ப்ரைமர் தட்டையாச்சா, ஃபயரிங் பின் குத்தின எடத்தச் சுத்தி கரை எழும்பிருக்கா, கேஸ் அடியில எஜெக்டர் (சுட்ட கேஸ வெளிய தள்ளுற பின்) ஓட்டை அச்சு பளபளன்னு வட்டமா பதிஞ்சிருக்கா, போல்ட் தூக்க கஷ்டமா இருக்கா. ரேஞ்சுல பெருசுங்க எல்லாம் இதத்தான் சொல்லுவாங்க, "ப்ரைமர பாத்து ஏத்து தம்பி, அது சொல்லும்"னு. எனக்கு இதுல பெரிய நம்பிக்கை கிடையாது. ப்ரைமர் தட்டையாகறதுக்கு பிரஷர் மட்டும் காரணமில்ல, கேஸ் தோள்பட்டைய ரொம்ப அமுக்கி சைஸ் பண்ணிட்டாலும் ஆகும், ப்ரைமர் மெல்லிசா இருந்தாலும் ஆகும். கரை எழும்பறது சில துப்பாக்கியில பின் ஓட்டை பெருசா இருந்தாலே வரும், ஸ்டார்ட் லோடுலயே வரும். எஜெக்டர் அச்சும் இறுகின போல்ட்டும் உண்மையான அறிகுறிதான், ஆனா பித்தளை வழுக்கற அளவுக்கு அழுத்தம் வந்தாத்தான் அது தெரியும், அதுக்குள்ள நீங்க சாமி வரம்ப நல்லாவே தாண்டிருப்பீங்க. வெள்ளம் வாசப்படி ஏறினதுக்கு அப்புறம் அடிக்கிற மணி அது. அதிலயும் .30-30, பழைய .45-70 மாதிரி கம்மி பிரஷர் தோட்டாவுல நிலைமை இன்னும் மோசம், துப்பாக்கி தாங்காத எடத்துக்குப் போன பின்னாடியும் பித்தளை ஒண்ணுமே காட்டாது.

இதுக்கு என் கதையவே சொல்றேன்.

ஆறு வருஷம் முன்னாடி. அப்ப என்கிட்ட க்ரோனோ கிடையாது, ஒரு டிஜிட்டல் தராசு இருந்துச்சு, எந்த கம்பெனின்னு வேணாம். ஆகஸ்ட் மாசம், கராஜ்ல வெக்கை தாங்காம ஒரு போர்ட்டபிள் ஏசி வெச்சிருந்தேன். அஞ்சு படி, படிக்கு மூணு தோட்டா, அரை கிரெயின் ஏத்தம். எல்லாம் புத்தகத்துக்குள்ளதான், மேக்ஸுக்கு ஒரு கிரெயின் கீழயே நிறுத்திட்டேன். ரேஞ்சுல மூணாவது படி வரைக்கும் ஒண்ணுமில்ல, ப்ரைமரும் நல்லா உருண்டையா இருந்துச்சு. நாலாவது படி மொத தோட்டா, போல்ட் கைப்பிடி பாதியில நின்னுச்சு. உள்ளங்கையால ஒரு தட்டு தட்டித்தான் தூக்கினேன். கேஸ் வெளிய வந்துச்சு, அடியில ஹெட்ஸ்டாம்ப் எழுத்து மேலயே புதுக் காசு மாதிரி ஒரு பளபள வட்டம். அதோட பொட்டியக் கட்டிட்டேன். வீட்டுக்கு வந்து மிச்சத்த புல்லட் புல்லர் சுத்தியல்ல தட்டிப் பிரிச்சு ஒவ்வொண்ணா மருந்த மறுபடி எடை போட்டேன், இந்தத் தடவ ஏசிய நிறுத்திட்டு. நாலாவது படி தோட்டாவுல நான் போட்டேன்னு நெனச்சதவிட 0.7 கிரெயின் ஜாஸ்தி, அஞ்சாவது படியில கிட்டத்தட்ட ஒரு கிரெயின். ஏசி காத்து தராசு மேல பட்டு பட்டு ஜீரோ நகந்துகிட்டே போயிருக்கு, ஒரு மணி நேரமா நான் அத ஒரு தடவ கூட செக் பண்ணல. அஞ்சாவத சுட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிக்கவே பிடிக்கல.

அந்தத் தப்புல பாதி தராசோடது, அதுக்கு அப்புறம் வரேன். மீதிப் பாதி, மூணாவது படியிலயே தோட்டா புத்தக வேகத்த தொட்டிருக்கும், அத சொல்ல ஆள் இல்ல. கண்ணு சொல்லல. க்ரோனோ இருந்திருந்தா சொல்லிருக்கும்.

கம்ப்யூட்டர் வழிய சீக்கிரம் முடிச்சிடறேன். குவிக்லோட் மாதிரி சாஃப்ட்வேர் இருக்கு, கேஸ் கொள்ளளவு, புல்லட், பேரல் நீளம் எல்லாம் குடுத்தா பிரஷர், வேகம் ரெண்டையும் கணக்குப் போட்டுக் குடுக்கும். எது மாறினா எது ஏறும்னு புரிஞ்சுக்க அருமையான விஷயம். ஆனா அது மாதிரிக் கணக்கு. உங்க கேஸ்ல தண்ணி ஊத்தி கொள்ளளவ அளந்து குடுக்காம அதுலயே இருக்க நம்பர வெச்சு ஓட்டிட்டு, "சாஃப்ட்வேர் 58,000னு சொல்லுது, இன்னும் எடம் இருக்கு"ன்னு ஏத்துறவன நான் பாத்திருக்கேன். புதுசா ஆரம்பிக்கறவனுக்கு இப்ப தேவையில்ல.

நாலாவது, க்ரோனோ. இது ஏன் முக்கியம்னா, வேகம் சும்மா வராது. அதே பவுடர், அதே புல்லட், அதே பேரல் நீளம்னா, அந்த வேகத்துக்கு புல்லட்ட தள்ளுனது பிரஷர்தான். புத்தகத்துல மேக்ஸ் லோடுக்கு ஒரு வேகம் போட்டிருப்பாங்க. நீங்க அந்த வேகத்த தொட்டுட்டீங்கன்னா, உங்க தராசு என்ன நம்பர் காட்டினாலும், நீங்க மேக்ஸ தொட்டுட்டீங்கன்னுதான் எடுத்துக்கணும். ஓசியில கூடுதல் வேகம் யாருக்கும் கிடைக்காது.

கணக்கு புரியறதுக்கு ஒரு உதாரணம், நம்பர் எல்லாம் நானா போட்டது, எந்தப் பவுடருக்கும் ரெசிபி இல்ல, யாரும் இத வெச்சு கேஸ நிரப்பிடாதீங்க. புத்தகத்துல ஸ்டார்ட் 40 கிரெயின், மேக்ஸ் 44, மேக்ஸுல வேகம் நொடிக்கு 2,700 அடி, டெஸ்ட் பேரல் 24 இன்ச்னு வெச்சுக்குவோம். தம்பியோட டிக்கா பேரல் 22.4 இன்ச். இன்ச்சுக்கு சுமாரா 20லருந்து 30 அடி வேகம் குறையும், ஆக அவனுக்கு எல்லை 2,660 பக்கத்துல. அவன் 40ல ஆரம்பிச்சு அரை அரையா ஏத்திட்டு வரான். 42.5லயே 2,660 வந்துடுச்சுன்னா? புத்தகம் 44 வரைக்கும் போலாம்னுதான் சொல்லுது. ப்ரைமர் ஒண்ணும் சொல்லல. ஆனா அவன் துப்பாக்கிக்கு 42.5தான் மேக்ஸ், அங்கயே நிக்கணும், முடிஞ்சா அரை கிரெயின் இறங்கி வரணும். இதே ஆளு 44 போட்டும் 2,600தான் வருதுன்னா, அது மெதுவான பேரல், அதுக்காக 45 போட உரிமை கிடையாது. ரெண்டுல எது மொதல்ல வருதோ அங்க ஸ்டாப்.

இன்னொரு கணக்கும் இருக்கு. உச்சத்துக்குப் பக்கத்துல மருந்து ஒரு சதவீதம் ஏறினா வேகம் ஒரு சதவீதம் கூட ஏறாது, ஆனா பிரஷர் ரெண்டு மூணு சதவீதம் ஏறும். அந்தக் கடைசி 50 அடி வேகத்துக்காக எவ்வளவு விலை குடுக்கறோம்னு பாத்துக்கங்க. 150 கஜத்துல நிக்கிற மானுக்கு அந்த 50 அடி தெரியவா போகுது.

க்ரோனோ வகையிலயும் மூணு. வெளிச்சத்த வெச்சு அளக்குற பழைய பொட்டி டைப், நூறு நூத்தம்பது டாலர்ல கிடைக்கும், ட்ரைபாட்ல துப்பாக்கிக்கு முன்னாடி வெக்கணும், வெயில் சரியில்லன்னா நம்பர் வராது, மேகமா இருந்தா கோச்சுக்கும், தப்பா எய்ம் பண்ணா அதையே சுட்டுருவீங்க, நான் சுட்டிருக்கேன். பேரல் முனையில கட்டுற மேக்னட்டோஸ்பீட் வகை துல்லியமானது, ஆனா பேரல்ல எடை தொங்கறதால குண்டு விழுற எடம் மாறும், வேகம் ஒரு நாள், குரூப் (குண்டுங்க எவ்வளவு நெருக்கமா விழுதுன்னு) ஒரு நாள்னு பாக்கணும். அப்புறம் ரேடார். 2023ல வந்த கார்மின் ஸீரோ சி1 ப்ரோ சிகரெட் பொட்டி சைஸ்தான், பெஞ்ச்ல பக்கத்துல வெச்சுட்டு சுட வேண்டியதுதான், வந்தப்ப 600 டாலர். ரேஞ்சுல இப்ப மூணு பெஞ்சுக்கு ஒண்ணு அதுதான் இருக்கு. நல்ல சாமான்தான், ஆனா 600 டாலரையும் அதுல கொட்டணுமான்னா, வேணாம்னுதான் சொன்னேன். காரணம் தராசு.

தராசுக்கு வரேன். ஒரு கிரெயின்னா ஏறக்குறைய 65 மில்லிகிராம், ஒரு பவுண்டுக்கு 7,000. நம்ம ஆசாரிங்க பொன்ன நிறுத்த குண்டுமணி இருக்கில்ல, அது கிட்டத்தட்ட ரெண்டு கிரெயின். அதுல இருபதுல ஒரு பங்க நம்ம தராசு பிடிக்கணும், 0.1 கிரெயின். இந்த வேலைக்கு அமெரிக்காவுல தாத்தா காலத்துல இருந்து இருக்கறது கோல் தராசு, பீம் ஸ்கேல். கரன்ட் வேணாம், சூடாக வேணாம், காத்தடிச்சா ஆடி அசஞ்சு உங்க கண்ணு முன்னாலயே காட்டிக் குடுத்துடும், டிஜிட்டல் மாதிரி கமுக்கமா பொய் சொல்லாது. மெதுவு, அதுதான் குறை. ஒரு தோட்டாவுக்கு அர நிமிஷம் ஆகும்.

டிஜிட்டல் வேகம், ஆனா ஆன் பண்ணி அர மணி நேரமாவது சூடாக விடணும், பக்கத்துல ஃபேன், ஏசி, செல்ஃபோன் வேணாம். இன்னொரு ஆபத்து யாரும் பேசாதது: மோட் பட்டன். கை தெரியாம பட்டு கிரெயின்ல இருந்து கிராமுக்கு மாறிடுச்சுன்னா, கிராம்ல 4.0னு இருக்கறது 61.7 கிரெயின். .308 கேஸ்ல அவ்வளவு கொள்ளாது, வழிஞ்சு மாட்டிக்கும், சரி. ஆனா பெரிய மேக்னம் கேஸ்ல கொள்ளும். எது வெச்சிருந்தாலும் செக் வெயிட் ஒரு செட் கட்டாயம், நீங்க போடற லோடுக்குப் பக்கத்து எடையில ஒண்ணு, பத்து தோட்டாவுக்கு ஒரு தடவ தூக்கிப் போட்டுப் பாக்கணும். முப்பது நாப்பது டாலர் சமாச்சாரம். அன்னைக்கு என்கிட்ட இருந்திருந்தா இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

டிஸ்பென்சர்னா டிஜிட்டல் தராசோட ஒரு மோட்டார் குழாய். தராசோட எல்லா வியாதியும் அதுக்கும் உண்டு. 0.1 கிரெயின் முன்ன பின்ன கொட்டும். அதுக்கும் மேல, ஆயிரம் டாலருக்கு மேல லேப் தராசு வெச்சு 0.02 கிரெயின்ல அளக்குற செட்டப்பும் இருக்கு, ஆயிரம் கஜம் சுடறவங்களுக்கு. நமக்கு அது வேணுமான்னு பாக்கலாம்: .308ல ஒரு கிரெயின் ஏத்தினா வேகம் சுமாரா 50, 60 அடி மாறும், அப்ப 0.1 கிரெயின்னா அஞ்சாறு அடி. நல்லா கட்டின லோடுலயே தோட்டாவுக்குத் தோட்டா வேகம் பத்து பதினஞ்சு அடி ஆடத்தான் செய்யும். அந்த ஆட்டத்துக்குள்ள இந்த அஞ்சு அடி காணாமப் போய்டும்.

அளவுக் குடுவை, வால்யூம் மெஷர், அதுவும் ஒரு வழி. ஊர்ல நாட்டுத் துப்பாக்கியில கருமருந்து இடிச்சவங்க எடை போட்டா போட்டாங்க, ஒரு அளவு குப்பி அவ்வளவுதான். கருமருந்துக்கு அது சரி, புகையில்லாப் பவுடருக்கு அத அப்படியே கண்ண மூடிக்கிட்டு பண்ணக்கூடாது. பால் பவுடர் (குடிக்கற பால் இல்ல, பந்துங்கற பால்), சின்ன உருண்டையா இருக்கும், மெஷர்ல தண்ணி மாதிரி ஓடும், அளவு மாறாது. குச்சிப் பவுடர், வார்கெட், ஹெச்4350 மாதிரி, அறுபடும்போது கரகரன்னு சத்தம் வரும், ஒரு தடவ 0.3 கூடும், ஒரு தடவ குறையும். நான் மெஷர்ல ஒரு கிரெயின் கம்மியா விட்டுட்டு மீதிய ட்ரிக்ளர்ல சொட்டுச் சொட்டா கோல் தராசு மேல விடறவன். சாயங்காலம் ஒரு ராஜா பாட்டு போட்டுட்டு உக்காந்தா ஐம்பது தோட்டா முடிஞ்சிடும், என்ன அவசரம்.

அப்ப சுலபமா ஓடற பால் பவுடரே வாங்கிடலாமேன்னா, டெக்சாஸ்ல ஒரு சிக்கல். ஜனவரியில காலை 40 டிகிரி ஃபாரன்ஹீட்ல லோட எல்லைக்கு ஏத்தி வெச்சுட்டு, ஆகஸ்ட்ல வண்டி டேஷ்போர்டுல வெந்த தோட்டாவ பன்னி வேட்டைக்கு எடுத்துட்டுப் போனா, அதே தோட்டா வேற தோட்டா. பல பால் பவுடர் சூட்டுக்கு நல்லாவே ஏறும். ஹாட்ஜ்டன் எக்ஸ்ட்ரீம் வரிசை, வார்கெட், ஹெச்4350 எல்லாம், ஆஸ்திரேலியாவுல முல்வாலாங்கற ஊர்ல செய்யறது, சூட்டுக்கு அவ்வளவா அசையாது. எனக்கு குச்சிதான். தம்பிக்கும் அதான் சொன்னேன், அதோட .308 கேஸ முக்காலுக்கு மேல நிரப்புற பவுடரா பாத்து எடு, தப்பித்தவறி ரெண்டு தடவ கொட்டிட்டா மேஜை மேல வழிஞ்சு உன் மானத்த வாங்கிடும், உயிர விட்டுடும்.

பேர் குழப்பம் வேற. ஹெச்4350, ஐஎம்ஆர் 4350 ரெண்டும் வேற வேற பவுடர், ஹெச்4895, ஐஎம்ஆர் 4895ம் அப்படித்தான், டேட்டா மாத்திப் போடக்கூடாது. பெரிய விபத்து வர்றது 0.3 கிரெயின் தப்புல இல்ல, தப்பான டப்பாவுல. ஹாப்பர்ல (மெஷர், டிஸ்பென்சர் மேல பவுடர் கொட்டி வெக்கிற குடுவை) நேத்து மிச்சமிருந்த பிஸ்டல் பவுடர ரைஃபிள் பவுடர்னு நெனச்சு கொட்டினா துப்பாக்கி போகும், கை போகும், அதுக்கு எந்த க்ரோனோவும் எந்தத் தராசும் முன்னாடி சொல்லாது. மேஜை மேல ஒரு சமயத்துல ஒரே ஒரு டப்பா, வேலை முடிஞ்சதும் ஹாப்பர காலி பண்ணி அதே டப்பாவுல. டிஸ்பென்சர்காரங்க இதுலதான் சோம்பேறி ஆவாங்க, அது பெரிய ஹாப்பர், காலி பண்றது ஒரு வேலை, நாளைக்குப் பாத்துக்கலாம்னு மூடி போட்டுட்டுப் போய்டுவாங்க.

குரூப் சமாச்சாரமும் கேட்டான். லேடர் டெஸ்ட்னு ஒண்ணு, கிரெய்டன் ஆடெட் சொன்னது, மருந்த கொஞ்சங் கொஞ்சமா ஏத்தி ஒவ்வொண்ணா தூரத்துல சுட்டு, உயரம் மாறாத எடத்த, நோடுன்னு சொல்லுவாங்க, அதத் தேடறது. டான் நியூபெரியோட ஓசிடபிள்யூ, அது லோடுக்கு ஒரு டார்கெட் வெச்சு, முறை வெச்சு ஒவ்வொண்ணா சுத்திச் சுத்தி லோடுக்கு மூணு சுடறது. ரெண்டுமே எனக்குப் பிடிக்கும், ஏன்னா ரெண்டும் கீழ இருந்து படிப்படியா ஏற வெக்குது, பிரஷர் டெஸ்ட்டும் அதுலயே முடிஞ்சிடும். ஆனா மூணு குண்டு குரூப்ப வெச்சு "இதான் நோடு"னு முடிவு பண்றது சோழி உருட்டற மாதிரி. அதே லோட நாளைக்குச் சுட்டா வேற சின்ன குரூப் வேற எடத்துல வரும். மான் நெஞ்சுல குறி வெக்கிற எடம் எட்டு இன்ச் தட்டு அளவு, 200 கஜத்துல மூணு இன்ச் குரூப் வந்தாலே தாராளம். நான் பண்றது, வேகம் எல்லைக்கு ஒரு படி கீழ ஒரு லோட எடுத்து பத்து சுட்டுப் பாப்பேன், பத்தும் போதுமான வட்டத்துக்குள்ள விழுந்தா அதோட முடிச்சுப்பேன். விழலன்னா மருந்த நோண்டாம புல்லட்ட மாத்துவேன், மறுபடி ஸ்டார்ட்டுல இருந்து. டார்கெட் மேட்ச் சுடறவங்க வேற மாதிரி சொல்லுவாங்க, அவங்க பேச்ச அவங்க வயல்ல வெச்சுக்கட்டும்.

ஒண்ண விட்டுட்டேன், வருஷத்துக்கு நாப்பது தோட்டாதான் சுடுவேன்னா ரீலோடிங்கே வேணாம், கடையில ரெண்டு பொட்டி வாங்கிக்கங்க, ப்ரெஸ் விலைக்குக் கூட வராது.

ஆக தம்பி 600ல என்ன பண்ணான்? பொட்டி டைப் க்ரோனோ ஒண்ணு, யாரோ வயசானவர் எஸ்டேட் சேல்ல வித்த கோல் தராசு ஒண்ணு, செக் வெயிட் ஒரு செட், புது மேனுவல், ட்ரிக்ளர், புல்லட் புல்லர் சுத்தியல். இருநூறு டாலருக்கு மேல மிச்சம், அதுக்கு பவுடரும் ப்ரைமரும். டிஸ்பென்சர் அடுத்த வருஷம் பாக்கலாம்னு இருக்கான், வாங்குவான், எனக்குத் தெரியும்.

போன சனிக்கிழமை ரேஞ்சுக்கு ஒண்ணா போனோம். ஏழு படி கட்டிட்டு வந்திருந்தான், படிக்கு ஒண்ணு. நாலாவது படியில க்ரோனோ காட்டின நம்பர பாத்துட்டு மேனுவல பிரிச்சு வெச்சு பேரல் நீளத்த கழிச்சான், உதட்டப் பிதுக்கினான். "அண்ணே, ப்ரைமர் நல்லாத்தானே இருக்கு, இன்னும் மூணு இருக்கே"ன்னான். நான் ஒண்ணும் பேசல. அவனே தோட்டாவ பொட்டியில வெச்சு மூடினான்.

ராத்திரி ஒம்போது மணிக்கு ஃபோன். பின்னால கராஜ்ல டங்கு டங்குன்னு சுத்தியல் சத்தம் முடிஞ்சிருக்கு, குழந்தை தூங்கலன்னு அவன் வீட்டம்மா திட்டுறது கேக்குது. "அண்ணே, பிரிச்ச மருந்த டப்பாவுல திருப்பிக் கொட்டவா?"

"எந்த டப்பால இருந்து எடுத்தன்னு தெரியுமா?"

"மேஜை மேல ஒண்ணுதான் இருக்கு."

"லேபிள படி."

படிச்சான். கொட்டச் சொன்னேன்.